முதலில் விழுந்த தோட்டா

ஸ்கீட்டர், உன்னைப் பற்றி எழுதப்போவதை மாற்றத்தான் வந்திருக்கிறேன், கொஞ்சம் பொறு.

இப்படி நான் ஆரம்பித்ததும், வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும் துணை ஷெரீப் கோடி டாக்கெட், "லூ அம்மா, மொதல்ல பேரு, வயசு, விலாசம். அப்புறம் நடந்ததை நடந்த வரிசையில சொல்லுங்க" என்றார். சொல்வது ஒன்றுவிடாமல் எழுதப்படும் என்று அவர்தான் சொன்னார், ஆகையால் முதலில் சொன்னதும் இருக்கட்டும் என்றேன். சரி என்றார்.

என் பெயர் லூவெல்லா ஜூன் ராட்லிஃப். வயது 63. கணவர் ஹார்லி எட்வின் ராட்லிஃப், வயது 66, இறந்துவிட்டார். கென்டக்கி மாநிலம், ஸ்லேட் லிக் பள்ளத்தாக்கில் சாலை முடிகிற இடத்தில் கடைசி வீடு எங்களுடையது. நான் ஆறாம் வகுப்புவரை படித்தேன். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். கணவர் முப்பத்தொரு வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார். சின்ன வயதில் கொசு மாதிரி இருந்தாராம், அதனால் ஸ்கீட்டர் என்று கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

சுரங்கத்தை விட்ட பிறகு அவர் இரண்டு காரியம் செய்துகொண்டிருந்தார். ஒன்று, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்குத் துப்பாக்கியை ஆபத்தில்லாமல் கையாளச் சொல்லிக் கொடுப்பது. இதை எழுதும் டாக்கெட்டும் பன்னிரண்டு வயதில் அவரிடம் படித்தவர்தான். இன்னொன்று, வெண்டலின் துப்பாக்கிக் கடைக்குப் புதிதாக ஏதாவது வந்தால் ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்து, சுட்டுப் பார்த்து, பிரித்துப் பார்த்து, ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது. அதை வெண்டல் கடைச் சுவரில் ஒட்டுவார். ஸ்கீட்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்காமல் எங்கள் பக்கத்து ஆட்கள் துப்பாக்கி வாங்க மாட்டார்கள்.

அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த வரிசை இது. முதலில் மேகசினை, அதாவது கைப்பிடிக்குள் இருக்கும் தோட்டாக் கூட்டை, வெளியே எடு. பிறகு மேல் இரும்பைப் பின்னால் இழு, உள்ளே தோட்டா இருந்தால் வெளியே தெறிக்கும். பிறகு உள்ளே பார். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் காட்டு, அவர் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து "காலி" என்று சொல்ல வேண்டும். வீட்டில் அந்தப் பக்கத்து ஆள் நான். முப்பது வருடமாக என் சுண்டுவிரல் நகத்தில் துப்பாக்கி எண்ணெய் இல்லாத நாள் குறைவு. நான் "காலி" என்று சொல்கிறவரை அவர் துப்பாக்கியின் வாயைக் கதவோரம் இருக்கும் மணல் வாளியைப் பார்த்தே பிடித்திருப்பார். நான் சொன்ன பிறகு, "இனிமே இது வெறும் இரும்பு" என்பார். அதற்குப் பிறகு அதை எப்படி வேண்டுமானாலும் திருப்புவார்.

கடந்த திங்கட்கிழமை, அக்டோபர் 15, வெண்டல் ஒரு கைத்துப்பாக்கியைக் கொடுத்தனுப்பினார். உடம்பு பிளாஸ்டிக், மேலே மட்டும் இரும்பு. ஸ்கீட்டருக்குப் பிளாஸ்டிக் துப்பாக்கி என்றால் இளக்காரம். வெண்டலிடம் போனில், "என்னய்யா, சோப்பு டப்பாவ அனுப்பி வச்சிருக்க, கூட துண்டும் அனுப்ப வேண்டியதுதானே" என்றார். அதன் பிறகு மேசையில் வைத்துத் திறந்தார், என்னிடம் காட்டினார், நான் விரலை விட்டுப் பார்த்து "காலி" என்றேன். "இனிமே இது வெறும் பிளாஸ்டிக்" என்றார். அந்த வகையைப் பிரிக்க வேண்டுமென்றால் முதலில் விசையை ஒரு தடவை அழுத்தியாக வேண்டுமாம். அது அவருக்குப் பிடிக்கவில்லை. "பிரிக்கிறதுக்கு விசைய அமுக்குன்னு சொல்றவன் நல்ல தூக்கத்துல இதைச் செஞ்சிருக்கான், இதையும் எழுதுவேன்" என்றார். சுருள்கம்பியும் புதிது, மேல் இரும்பு இழுக்க வரவில்லை. சுரங்கத்தில் நசுங்கிய வலது கட்டைவிரல் அவருக்கு மடங்காது. அதனால் துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பி, நெஞ்சோடு அணைத்து, ஊறுகாய் ஜாடி மூடியைத் திறப்பதுபோல் முக்கி, இடது கட்டைவிரலால் விசையை அழுத்தினார். காலித் துப்பாக்கி, டிக் என்றது. நான் சிரித்தேன். "சிரிக்காதடி கிழவி, உன் ஜாடியெல்லாம் யாரு தொறக்கிறா" என்றார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, 16ஆம் தேதி, காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டில் காகிதத் தட்டுகளைக் குத்தி வைத்துச் சுட ஆரம்பித்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து மேகசினில் தோட்டா அடைத்துக் கொடுத்தேன், அவர் விரலுக்கு அது ஆகாது. ஒரு மேகசினுக்குப் பத்து. முதல் பத்தும் தட்டில் இடதுபக்கம் கீழே போனது. "இது என் கை, துப்பாக்கி மேல பழி போட மாட்டேன்" என்றார். அடுத்ததில் ஒரு தோட்டா உள்ளே ஏறாமல் மூக்கு முட்டி நின்றது, அதைக் குறித்துக்கொண்டார். மூன்றாவதில் பத்தும் ஒரு காப்பிக் கோப்பை மூடிக்குள் அடங்கியது. போய்த் தட்டைப் பார்த்துவிட்டு நடந்துவந்தார். நடந்ததில் இருமினார், குனிந்து நின்றார், நிமிர்ந்ததும் என் காதுக்கு அருகில் வந்து, "லூ, எனக்கு இது புடிச்சுப்போச்சுடி. வெண்டல்கிட்ட சொல்லிடாத, ஊரே சிரிக்கும்" என்றார். நான்காவது மேகசினில் மூன்று சுட்டார். அப்போது மழை கொட்டியது. நான் தட்டுகளை எடுத்தேன், அவர் துப்பாக்கியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார், இருவரும் ஓடிவந்தோம். ஓடினோம் என்றால், அவர் ஓடுகிற அளவுக்கு.

அதன் பிறகு அவர் சமையலறை மேசையில் துண்டை விரித்து உட்கார்ந்தார். காது மூடி கழுத்தில் தொங்கியது. கண்ணாடி நனைந்ததால் நெற்றிக்கு ஏற்றியிருந்தார். நோட்டுப் புத்தகத்தை எட்டத் தள்ளி வைத்து எழுதினார். நான் அடுப்பில் பீன்ஸை வைத்து, சோளரொட்டிக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தேன். என் முதுகு அவர் பக்கம் இருந்தது. அதன் பிறகு வெடித்தது. மூடிய அறையில் வெடித்ததால் எனக்குக் காது அடைத்துவிட்டது. திரும்பியபோது அவர் நாற்காலியில்தான் இருந்தார், துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாவுக் கரண்டி என் கையில் இருந்தது, அதைக் கீழே வைக்க இடம் தேடினேன். ஏன் தேடினேன் என்று தெரியாது. அதன் பிறகு அவர் பக்கவாட்டில் சாய்ந்தார். நான் பிடித்தேன். போன் செய்தேன். நாற்பது நிமிடம் ஆகும் ஆம்புலன்ஸ் எங்கள் பள்ளத்தாக்குக்கு வர. வந்தபோது பீன்ஸ் கருகியிருந்தது, அதை யாரோ இறக்கி வைத்தார்கள்.

அன்று மாலை டாக்கெட் என்னிடம், நெஞ்சுக்கு நேராக வாய், விசையில் கட்டைவிரல், இப்படி இருந்தால் தாளில் வேறு மாதிரிதான் எழுதுவார்கள் என்று மெதுவாகச் சொன்னார். மூன்று வாரத்துக்கு முன் மருத்துவர் ஸ்கீட்டரின் நுரையீரல் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது டாக்கெட்டுக்குத் தெரிந்திருந்தது. என் நாத்தனார் ஓலீட்டா சொல்லியிருக்கிறார். "இந்தக் குளிர்காலத்த நான் பார்க்க வேணாம்னு அண்ணன் சொன்னாரு" என்று சொன்னாராம். அதை ஸ்கீட்டர் என்னிடமும் சொன்னார்தான். குளிர்காலம் வரும்போதெல்லாம் சொல்வார், விறகு வெட்ட சோம்பல். டாக்கெட் தரையைப் பார்த்தபடி, "லூ அம்மா, எனக்கு வரிசைய கத்துக் கொடுத்ததே அவருதான். அவரா தப்பு பண்ணுவாரு?" என்றார். தானே சுட்டுக்கொண்டார் என்ற கட்டத்தில் பேனா வைக்க மனமில்லாமல், ஆனால் வேறு வழியும் தெரியாமல் போனார்.

நேற்று புதன்கிழமை மத்தியானம் சமையலறையைக் கூட்டினேன். அடுப்புக்கு அடியிலிருந்து சுடாத தோட்டா ஒன்று உருண்டு வந்தது. இன்று அதைக் கைக்குட்டையில் கட்டிக் கொண்டுவந்து டாக்கெட்டின் மேசையில் வைத்தேன்.

அதைப் பார்த்ததும் டாக்கெட் எழுந்தார். மேசையிலிருந்து எடுத்த மேகசினில் ஐந்து தோட்டா இருந்ததாக அவருடைய தாளில் இருக்கிறது. அடைத்தது பத்து, நான் அடைத்தேன். மழைக்கு முன் சுட்டது மூன்று, நான் கேட்டேன். மீதி ஏழு. மேகசினில் ஐந்து, அடுப்புக்கு அடியில் ஒன்று, ஸ்கீட்டரிடம் ஒன்று. சுட்டவுடன் அடுத்தது ஒன்று தானாகக் குழலுக்குள் ஏறிக்கொள்ளும், ஆகவே முதலில் மேகசினை எடுத்திருந்தால் அதில் ஆறு இருக்க வேண்டும் என்றார் டாக்கெட். "மேகசின் உள்ள இருக்கும்போதே இழுத்துட்டாரு. ஒண்ணு வெளிய விழுந்துச்சு, அதே இழுப்புல அடுத்தது உள்ள ஏறிடுச்சு. அப்புறம்தான் மேகசின எடுத்திருக்காரு. ஐயோ, ஸ்கீட்டர் சார்" என்றார். சாகத் துணிந்தவன் பிரிப்பதற்குத் துண்டு விரித்து மேகசினை எடுத்து வைக்க மாட்டான் என்றும் சொன்னார். அதன் பிறகு, "இது போதும் லூ அம்மா. விபத்துன்னு எழுத இதுவே போதும். இத்தோட நிறுத்திக்கலாம்" என்றார்.

இத்தோடு நிறுத்த முடியாது என்றேன். பிள்ளைகளெல்லாம் கேட்பார்கள், வரிசை தப்பினாலும் உள்ளே பார்த்திருக்கலாமே, பக்கத்து ஆளிடம் காட்டியிருக்கலாமே என்று. இனி சொல்லப்போவதற்கு என்மேல் வழக்கு வந்தாலும் வரலாம், வக்கீல் ஒருவரை வைத்துக்கொண்டு சொல்லுங்கள் என்று டாக்கெட் எச்சரித்தார். எழுதச் சொன்னேன்.

முப்பது வருடமாக எனக்கு அந்தச் சத்தங்கள் தெரியும். முதலில் மேகசின் துண்டின் மேல் விழும், டொப். பிறகு இரும்பு இழுபடும், சரக். உள்ளே ஒன்று இருந்தால் அது தரையில் விழும், டிங். செவ்வாய்க்கிழமை முதலில் அவர், "இந்தச் சனியன் புடிச்ச பொத்தான் கட்டவிரலுக்கு எறங்க மாட்டேங்குது" என்று திட்டியது கேட்டது. மேகசினை விடுவிக்கும் பொத்தானைச் சொன்னார். அதன் பிறகு சரக். அதன் பிறகு டிங், உருண்டு போனது. அதன் பிறகு மறுபடியும் பொத்தானைத் திட்டினார். அதற்கும் பிறகுதான் டொப். மூன்றும் கேட்டது, வரிசை மாறிக் கேட்டது. தோட்டா விழுந்த சத்தம் கேட்டால் உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது என்று என் காதுக்குப் பழக்கம். கையெல்லாம் மாவு. அவர், "லூ, காலியா பாரு" என்றார்.

நான் திரும்பவில்லை. "காலி" என்றேன்.

அவர், "இனிமே இது வெறும் பிளாஸ்டிக்" என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அதன் பிறகு ஊறுகாய் ஜாடியைத் திறப்பதுபோல் பிடித்திருப்பார். அதை நான் பார்க்கவில்லை, திங்கட்கிழமை பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்திருக்கிறேன். கடைசியாக எழுதியிருப்பதை டாக்கெட் எனக்கு வாசித்துக் காட்டினார். "பொத்தான் கடினம். சுருள்கம்பி கடினம். ஒரு தோட்டா முட்டியது. கைக்கு அடங்குகிறது, குறி தப்பவில்லை, நான் நினைத்ததைவிட நல்லது. வாங்கலாமா என்பதை உள்ளே பிரித்துப் பார்த்துவிட்டு" என்று இருக்கிறது. அதற்கு மேல் இல்லை. இந்தப் பக்கத்தையும் வெண்டல் சுவரில் ஒட்ட வேண்டும், கீழே வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதையும் எழுதி ஒட்ட வேண்டும், பக்கத்து ஆள் பெயர் லூவெல்லா ராட்லிஃப் என்றும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

மேலே எழுதியிருப்பதை டாக்கெட் எனக்கு இரண்டு தடவை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, யாருக்கும் பயந்து சொன்னதுமல்ல, கூட்டியது குறைத்தது இல்லை. 2018 அக்டோபர் 18, வியாழக்கிழமை, காலை 11.20.

(கையொப்பம்) லூவெல்லா ஜூன் ராட்லிஃப்

என் முன்பாக: துணை ஷெரீப் கோ. டாக்கெட்

கையெழுத்துப் போட்ட பிறகு, இதையும் கீழே சேர்க்கும்படி அம்மையார் கேட்டதால் சேர்க்கப்பட்டது:

ஸ்கீட்டர், உன்னைத் தூக்கும்போதும் கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது. அதை இறக்கி ஒரு தடவை உள்ளே பார்த்தாயா, இல்லை, நான் சொன்னால் போதும் என்று விட்டுவிட்டாயா?