பதினேழாம் நம்பர் அட்டை

…குத்திடுத்தா மாமி? ஐயையோ, இந்தச் சார்ட்டைத் தூக்கிண்டு பஸ்ல வரவே கூடாது. டாக்ஸில போன்னு சொல்லிட்டு எங்காத்துக்காரர் மட்டும் ஆபீஸ் கார்ல ஜம்னு போயிட்டார். நீங்க போன்ல தமிழ் பேசினேளோ, அதான் பக்கத்துல வந்து உக்காந்துட்டேன். எங்க, சால்ட் லேக்குக்கா? நானும் அங்கதான். நிம்மதி.

என் பொண்ணு சுபிக்ஷாவுக்கு இன்னிக்கு அங்க ஃபைனல். காலம்பற ஸ்கூல் பஸ்ல போயிட்டா. சார்ட் உள்ள நுழையலைன்னு என் தலையில கட்டிட்டா. என்ன போட்டிங்கறேளா? வெளிதேசத்துலேர்ந்து வந்து, இங்க இருக்கறதையெல்லாம் விரட்டிட்டு உக்காந்துக்கற செடி, நத்தை, மீன்… பார்த்த மாத்திரத்துல பேர் சொல்லணுமாம், அதுல ஒண்ணைப் பத்தி ஆராய்ச்சி பண்ணிச் சார்ட்டும் வைக்கணுமாம். நாமளும் மூணு தலைமுறைக்கு முன்னாடி இந்தக் கல்கத்தாவுல, ஜாதவ்பூர்ல வந்து உக்காந்தவாதானேடீன்னேன். "நாம யார் சாப்பாட்டையும் பிடுங்கலையே"ங்கறா. வாயைப் பாருங்கோ.

ஒரு மாசமா ஆத்துல இதே கூத்து. அறுபது அட்டை. நான் படத்தைக் காட்டணும், அவ சொல்லணும். ஒரு கையில கரண்டி, ஒரு கையில ஆகாயத்தாமரை, அடுப்புல குழம்பு பொங்கறது. பார்த்தீனியம், உண்ணிச்செடி, ஆப்பிரிக்க நத்தை, எல்லாம் எனக்கே மனப்பாடம். பதினேழாம் நம்பர் அட்டையை மட்டும்… எடுக்கவே மாட்டேன். அடியில சொருகிடுவேன். ஏம்மா இதை ஒளிக்கறேன்னு அவளே கேட்டுட்டா.

டேங்க் க்ளீனர் மீன் மாமி. மீன் தொட்டியில பாசியை நக்கிண்டே கிடக்குமே, கறுப்பா, முள்ளும் முரடுமா… அதேதான். எங்க பாராவுல, அதான் எங்க பேட்டையில, ஒரு குளம் இருக்கு. ரெண்டு வருஷமா வலை போட்டா ரூயி மீன் இல்லை, காத்லா மீன் இல்லை, இதுதான் வரதாம். வலையெல்லாம் கிழியறது. கீழ் ஃப்ளாட் ரஞ்சன் தா, அண்ணாவை இங்க 'தா'ன்னுதானே கூப்பிடறா, க்ளப் செக்ரட்டரி அவர், எவன் கொண்டுவந்து விட்டான்னு கண்ணுல படறவாளையெல்லாம் கேட்டுண்டிருக்கார். பாவம், மீன் இல்லாம அவருக்குச் சாதம் இறங்குமா? சுபிக்ஷா அதையே ஆராய்ச்சியா எடுத்துண்டா. இந்தச் சார்ட்ல எல்லாம் எழுதிட்டா. ஒரு கட்டம் மட்டும் காலி. குளத்துக்கு எப்படி வந்தது? அதுக்கே பத்து மார்க். வீடு வீடாக் கேட்டாச்சு, ஒருத்தருக்கும் தெரியலைம்மா, இதுலதான் கப் போகப்போறதுன்னு நேத்து தேம்பித் தேம்பி அழுதா.

நான்தான் மாமி.

ஆமா, நான்தான். அவ மூணாங்கிளாஸ் படிக்கறச்சே வாங்கினது. ஒரு விரல் நீளம் இருந்தது, முழ நீளத்துக்கு வளந்துடுத்து. தொட்டி கொள்ளலை. நாம சைவம், கொல்ல முடியுமா? யாருக்காவது குடுக்கலாம்னா சுத்திவர மீன் சாப்பிடறவா. நம்பிக் குடுத்து, மறுநாளே குழம்பு வெச்சுட்டா? ஏகாதசி அன்னிக்கு வாளியில எடுத்துண்டு போய்க் குளத்துல விட்டேன். சௌக்கியமா இருன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டு வேற வந்தேன். பெரிய புண்ணியம்னு நெனப்பு. அவகிட்ட, கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன்னு சொல்லிட்டேன். கொழந்தை நம்பிடுத்து.

சொன்னா ரஞ்சன் தா மூஞ்சியில எப்படி முழிக்கறது? அவர் சாப்பாட்டைப் பிடுங்கினவளே நான்தானே. ஆனா அவ அழுதது கண்ணுக்குள்ளயே நிக்கறது…

பேனா இருக்கா மாமி? குடுங்கோ. அந்த நுனியைச் சித்தப் பிடிச்சுக்கோங்கோ. 'விட்டவர்: வசுமதி வெங்கடநாராயணன், ரெண்டாம் மாடி.' ஆச்சு. போறது போகட்டும், கப்பாவது வரட்டும். சிரிக்காதேங்கோ, எழுத்து கோணறது.

இருங்கோ இருங்கோ, இறங்கிடாதேங்கோ, கீழ இன்னொரு கட்டம் இருக்கு. எத்தனை விடப்பட்டதுன்னு கேட்டிருக்கா.

ஒண்ணுதான் விட்டேன்… முதல்ல. அப்பறம் ராத்திரி படுத்தா தூக்கம் வரலை. பாவம், அவ்வளவு பெரிய குளத்துல ஒத்தையாக் கிடந்து தவிக்குமேன்னு, அடுத்த ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போய் ஜோடிக்கு இன்னொண்ணு வாங்கிண்டு வந்து விட்டேன்.