ஓரினின் டன்மோர் ஏன் கிளம்பவில்லை

பிக்கப் வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பதுதான் தவறு என்று நினைக்கிறேன். உட்கார்ந்துவிட்டால் பிறகு இடுப்புதான் முடிவெடுக்கும், மூளைக்கு வேலை இருக்காது. என் தம்பி ஓரினுக்கு நடந்தது அதுதான். காப்பியை எடுத்துக்கொள்ளுங்கள், ட்ரூடி. துணை ஷெரிப் வேலையில் இருக்கும்போது காப்பி குடிக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே. இலவங்கப்பட்டை ரொட்டி நேற்றுச் சுட்டது, இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது.

ஓரினின் வண்டிப் பக்கம் வெளியாள் யாராவது நடமாடியதைப் பார்த்தேனா என்று கேட்கிறீர்கள். வெளியாள் யாரையும் நான் பார்க்கவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளலாம். மற்றதை நான் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் அப்பா ஹாலர்ட் பிக்கப் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை. கடைசி ஹாலர்டின் சாவியைக் கோட்டுப் பையில் வைத்துத்தான் அவரைப் புதைத்தோம். அது இருந்த ஒரே சாவி என்பது மறுநாள்தான் தெரிந்தது. உங்கள் அப்பாவும் ஹாலர்ட்காரர்தான், அதனால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் ஹாலர்டுகள் வடக்குப் பக்கமும் போட்டிக் கம்பெனி வண்டியான டன்மோர்கள் தெற்குப் பக்கமும் நிற்கும். யாரும் கோடு போட்டுப் பிரிக்கவில்லை. எதிரே ஹாலர்ட் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவேன், டன்மோர் வந்தால் ஒரு விரல். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. இன்னொரு விரலுக்குக் கொஞ்சம் ஓய்வு, அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பசு ஓரினைப் பட்டிக் கதவோடு சேர்த்து அழுத்திவிட்டது. முதுகெலும்பில் இரண்டு வளையம் நகர்ந்துவிட்டது. நார்த் பிளாட் ஊர் டாக்டர் அவனிடம் ஒளித்துமறைத்துப் பேசவில்லை. இந்த ஹாலர்டின் கட்டை இருக்கையில் இன்னொரு குளிர்காலம் குலுங்கினால், மாடுகளை விற்றுவிட்டு டவுனில் வீடு பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். முந்நூறு மாடு. அவை இல்லாத ஓரினை எனக்குக் கற்பனை செய்யத் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. அவன் நேராக டன்மோர் கடைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தான்.

மறுநாள் தானியக் கூட்டுறவுச் சங்கத்தில், காப்பி மேசையில், எல்லார் முன்னாலும் சொன்னான்.

“அண்ணே, உக்காந்தா எந்திரிக்க மனசே வரல. முதுக அப்படியே தாங்கிப் பிடிக்குது. சீட்டு சுடுது வேற.”

“சுடுறதுக்கு வீட்டுல அடுப்பு இருக்கேடா. வண்டின்னா ஓடணும்.”

“ஓடத்தான செய்யுது?”

“இப்ப அக்டோபரு. ஜனவரில பாப்போம்.”

சங்கத்து மேனேஜர் வெண்டல் இடையில் புகுந்தார். “ஏம்ப்பா ஹார்லன், உன் ஹாலர்டுல ஒருக்க டவுனுக்கு வந்தேன். நாலு நாளு என் பின்பக்கம் எங்க இருக்குன்னே தெரியல. அத நம்பிக்கையான வண்டிங்கிற.”

“வந்து சேந்தீங்கல்ல?”

“பாதி ஆளுதான் வந்து சேந்தேன்.”

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த ஞாயிறு ஓரின் புது டன்மோரைத் தெற்குப் பக்கம் நிறுத்தினான். நான் வடக்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வலித்தது, அதை மறைக்கப்போவதில்லை. அறுபது வருடமாக ஒரே பக்கம் நின்றவர்கள் நாங்கள்.

நம்பகம் என்பதைக் காலம்தான் காட்ட வேண்டும். பத்து வருடம் பொறுத்திருந்தால் டன்மோரின் வண்டவாளம் தானாகவே வெளியே வரும். ஆனால் எனக்கு அறுபத்தெட்டு வயது. அதனால் காலத்துக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்தேன்.

கஷ்டமே இல்லை. இந்த மாவட்டத்தில் யார் வண்டியைப் பூட்டுகிறார்கள்? சாவி வண்டியிலேயே கிடக்கும். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், பெட்ரோல் போட்டுத் திருப்பி நிறுத்தினால் போதும். பூட்டினால் அக்கம்பக்கத்தார் மேல் சந்தேகம் என்று அர்த்தம். ஓரின் யார் மேலும் சந்தேகப்படுகிறவன் இல்லை. நவம்பரில் பேட்டரி ஒயரை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். நன்றி சொல்லும் பண்டிகைக்கு முந்தின தினம் டயரில் ஒரு ஆணி. டிசம்பரில் பெட்ரோல் டாங்கில் கொஞ்சம் தண்ணீர். பெரிதாக ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு தடவையும் அவன் எனக்குத்தான் போன் செய்வான். நான் ஹாலர்டை எடுத்துக்கொண்டு போவேன். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டு வருவான், வழி நெடுகப் பேசுவான். கன்றுகளைப் பற்றி, அப்பாவைப் பற்றி, நாங்கள் சின்ன வயதில் ஐஸ் குளத்தில் விழுந்ததைப் பற்றி. அப்பா போன பிறகு நாங்கள் அவ்வளவு பேசியதே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. மற்றபடி நான் செய்ததெல்லாம் நம்பக விஷயத்துக்காக மட்டும்தான்.

அவன் முதுகு தேறி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நியாயம் என்று ஒன்று இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு நிமிர்ந்து நடந்து வந்தான். தீவனக் கட்டைத் தானே தூக்கினான். “மாட்ட விக்க வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டாரு அண்ணே,” என்றான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மேசையில் இருந்தவர்கள் டன்மோரைப் பற்றி நல்லவிதமாகப் பேசத் தொடங்கியிருந்தார்கள். வெண்டலே ஒரு நாள் அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தார்.

ஜனவரி பதினேழாம் தேதி காலை, பூஜ்யத்துக்குக் கீழே இருபது. ஓரின் மேற்கு மேய்ச்சலுக்குப் போனான், ஒரு தலையீத்துக் கிடாரி கன்று போடும் நேரம். அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. நான் மேட்டுக்குப் பின்னால் ஹாலர்டை நிறுத்திவிட்டு இறங்கிப் போனேன். அவன் வண்டி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது. அவன் காற்றுத் தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் கிடாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பானட்டைத் திறந்து பெட்ரோல் பம்பின் ரிலேயைப் பிடுங்கினேன். தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது, ஆனால் அது இல்லாவிட்டால் என்ஜினுக்குப் பெட்ரோல் போகாது. கையுறைக்குள் போட்டுக்கொண்டு மேட்டுக்குத் திரும்பிவிட்டேன். என் கால்தடத்தைக் காற்று மூடிவிட்டது.

கால் மணி நேரம் அவனைத் தவிக்கவிட்டு, பிறகு தற்செயலாக வந்ததுபோல ஹாலர்டில் போய் ஏற்றிக்கொள்வது என்பதுதான் திட்டம். என்ஜின் சத்தம் அவனுக்குக் கேட்கக் கூடாது என்று அதை அணைத்துவிட்டு, ஹீட்டர் காற்றாடியையும் வானொலியையும் போட்டு மாட்டுச் சந்தை நிலவரம் கேட்டுக்கொண்டிருந்தேன். கன்று வெளியே வர முக்கால் மணி நேரம் பிடித்தது. பிறகு அவன் வண்டியில் ஏறுவதைப் பார்த்தேன், இறங்குவதைப் பார்த்தேன். நேரம் வந்துவிட்டது என்று சாவியைத் திருப்பினேன். டிக் என்றது. அதோடு சரி.

ஓரின் நிமிர்ந்து மேட்டின் மேல் ஹாலர்டின் கூரையைப் பார்த்துவிட்டான். அண்ணனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தான். தொட்டி வழிந்த சகதியில் அவன் பூட்ஸ் முழுக்க நனைந்திருந்தது. அந்த ஈரத்தோடு முழங்கால் பனியில் முக்கால் மைல் நடந்து என்னிடம் வந்தான்.

“அண்ணே, உனக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்லடா. உன்னப் பாக்கத்தான் வந்தேன், வண்டி நின்னுடுச்சு.”

“என்னோடதும் மண்டையப் போட்டுடுச்சு.” அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ரெண்டும் ஒரே நாள்ல. அப்பா இருந்திருந்தா நம்மள விட்டுட்டு ஹாலர்டுக்குத்தான் போர்வை போத்தியிருப்பாரு. வா, என் வண்டிக்குப் போயிருவோம். சீட்டாவது சுடும்.”

போனோம். சுட்டது. பேட்டரி தீரும்வரை ஐம்பது நிமிடம் சுட்டது. உண்மையைச் சொன்னால் அது நல்ல இருக்கை. என் இடுப்பு வலி எனக்கே மறந்துபோனது. ஓரின் பூட்ஸைக் கழற்றப் பார்த்தான், ஐஸ் பிடித்துக்கொண்டு வரவில்லை. “இடது காலு மரத்துப்போச்சு அண்ணே,” என்றான். சீட்டு இன்னும் சுட்டுக்கொண்டிருக்கும்போதே, ஒரு தடவை நான் பார்க்கிறேன் என்று இறங்கினேன்.

பானட் தூக்கியிருந்தது, அவனுக்கு என் கை தெரியாது. ரிலே கையுறைக்குள் இருந்தது. அதைச் செருக ஒரு விநாடி போதும். ஏதோ ஒயர் கழன்றிருந்தது என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான், ஆயுள் முழுக்க எனக்கு நன்றியும் சொல்லியிருப்பான். செருகுவதற்காக வெளியே எடுக்கவும் செய்தேன்.

ஆனால் டன்மோர் கிளம்பிவிடும். அது மேட்டுக்கு வந்து என் ஹாலர்டைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலை வழியாக, சங்கத்து வாசல் வழியாகப் போகும். வெண்டல் காப்பியோடு வெளியே வந்து நிற்பார். இதை நான் நிதானமாகவே யோசித்தேன், ட்ரூடி. பதற்றத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். ரிலேயைத் திரும்பக் கையுறைக்குள் போட்டுக்கொண்டு பானட்டை மூடினேன்.

“என்னண்ணே?”

“டன்மோர் இல்லையா. என்னத்தச் சொல்ல.”

ஓரினின் மனைவி வில்மா டிராக்டரை எடுத்துக்கொண்டு தேடி வர இன்னும் மூன்று மணி நேரம் ஆனது. நான் அவன் காலை என் கோட்டுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அழுதேன்கூட. டாக்டர் இடது காலில் நான்கு விரலை எடுத்தார். ஒன்றை விட்டுவைத்தார்.

இப்போது சங்கத்தில் எல்லாரும் என் முதுகைத் தட்டுகிறார்கள். தம்பியைக் காப்பாற்ற அந்தக் குளிரில் போனவன் என்று ஓரினே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான். படுக்கையில் இருந்தபடியே டன்மோரைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். வருகிற செவ்வாய்க்கிழமை அவனுக்கு ஹாலர்ட் வருகிறது. இந்தக் காலையும் முதுகையும் வைத்துக்கொண்டு அதன் இருக்கையில் ஒரு மாதம் தாங்க மாட்டான் என்று டாக்டர் சொன்னாராம். மாடுகளை வாங்க ஆள் பார்க்கச் சொல்லிவிட்டான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வடக்குப் பக்கம்தான் நிற்பான்.

டன்மோர் கடை மெக்கானிக் கெட்டிக்காரன், காலி இடத்தைப் பார்த்துப் புகார் கொடுத்துவிட்டான். இதோ, ரிலேயை மேசை மேல் வைக்கிறேன், சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில். எடுத்ததும் நான், வைக்காமல் இருந்ததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போட்டுத் தருகிறேன். ஓரினிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு அதற்கு மட்டும் தைரியம் இல்லை.

அறிக்கையில் ஒன்றே ஒன்று தெளிவாக வர வேண்டும். அன்றைக்கு ஹாலர்ட் பழுதாகவில்லை. வானொலியையும் காற்றாடியையும் போட்டுவைத்துப் பேட்டரியைத் தீர்த்தது நான்தான். குற்றம் முழுக்க என்னுடையது, வண்டி மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதைக் கொஞ்சம் அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.