பணி ஓய்வு பெறும், சிவப்பு மணியைப் பிறப்பித்த எங்கள் மணியக்காவுக்கு

அன்பின் வடிவே! அயராத உழைப்பின் அணிகலனே! வயதில் மூத்தவரும் வாய்நிறைய அழைக்கும் எங்கள் மணியக்காவே! வணக்கம்.

பொடிமணலினும் நுண்ணிய மணிகள்; ஒவ்வொன்றும் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. மின்சாரம் தொட்டதும் எண்ணெய்க் குழிகளில் புரண்டு, வெறுந்தாளை எழுத்துத் திரையாக்கும் விந்தை மணிகள். சுழலும் தட்டின் மேலும் கீழும் இருநிற மெழுகை உருக்கி ஊற்றி, விளிம்பில் தெறிக்கும் துளிகளை மணிகளாய்த் திரட்டும் இக்கலையில் தங்கள் கைபடாத கலவை இங்கு ஏது!

சிவப்பு மணி செய்யத் துணிந்த அந்த ஆண்டை மறப்போமா! சிவப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று கலந்து, வார்த்த மணியெல்லாம் வெளிறிய ரோஜா நிறத்தில் விழுந்தன. பழி முழுவதும் மெழுகு உருக்கும் உலைக்காரர் தலையில் விடிந்தது. அவர் மனைவிக்கோ நிறைமாதம். "அவரை அனுப்பிட்டு வேற ஆளைப் போடலாம்" என்றார் மேலாளர். பதவி உயர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், தாங்கள் எழுந்தீர்கள்.

"சூடு சரியாத்தான் சார் இருக்கு. சிவப்பு மெழுகு மெதுவா இறுகுது. கலவை என்னோடது. அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க."

உலைக்காரர் வேலை தப்பியது. தங்கள் பதவி உயர்வு தள்ளிப்போனது. அதைப்பற்றி ஒரு சொல் முணுமுணுத்தீர்களா? இல்லையே! கலவையை மாற்றி மாற்றி வார்த்தீர்கள். பாழானதை மீண்டும் உருக்கினீர்கள். கடைசியில் ஒரு பிற்பகல் உருப்பெருக்கியிலிருந்து நிமிர்ந்து, முதலில் அந்த உலைக்காரரைத்தான் அழைத்தீர்கள்.

"வாங்க, வந்து பாருங்க!"

பாதி சிவப்பு, பாதி வெள்ளை. நடுவே கோடு கிழித்தாற்போல் தெளிவு. அவர் கண்கள் தளும்பின. "அழுதா லென்ஸ் நனையும். தள்ளி நின்னு அழுங்க" என்றீர்கள். அந்த உலைக்காரன்தான் இம்மடலை வாசிக்கிறேன், அக்கா. குரல் தழுதழுத்தால் பொறுத்தருள்க.

வேலை முடியும் நேரம் தெரியாமல் வாயிற்கதவருகே காத்துக் காத்தே பாதி ஆயுளைக் கழித்த மாமாவுக்கு இனி விடுதலை! அவர் தோளோடு தோள்சேர்ந்து நடக்கும் மாலைகள் தங்களுக்கு மலர்க!

நேற்று அலமாரியைக் காலி செய்கையில், "ஏதாவது சந்தேகம்னா கூப்பிடுங்க" என்றீர்கள். சந்தேகமே வராவிட்டாலும் கூப்பிடுவோம். அழைப்பை எடுத்துப் பேசும் உடல்நலமும், எங்களை உரிமையோடு கடிந்துகொள்ளும் குரல்வளமும் பல்லாண்டு தங்களிடம் நிலைத்திருக்க!

என்றும் தங்கள் அன்பில் உருளும்,
மணிப் பிரிவுப் பணியாளர்கள்