அத்திக்கு ஊற்றிய தண்ணீர்

சீமை அத்தி வளர்ப்பதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை, அருள்மொழி. நம் சிதம்பரத்து வெயில் அதற்கு மிகவும் பிடிக்கும். அணில் கடிப்பதற்குள் பழத்தைப் பறித்துவிட வேண்டும். வேர் மட்டும் ஈரத்திலேயே ஊறிக் கிடக்கக் கூடாது. போன கோடையில்கூட உனக்குப் பழம் கொடுத்தனுப்பினேனே.

காரியம் முடிந்த கையோடு, அம்மாவுக்கு என்னதான் ஆச்சு என்று கேட்டு வந்திருக்கிறாய். பெங்களூரில் இருப்பவளுக்கு யாராவது சொல்லத்தானே வேண்டும். உட்கார்.

உங்கள் வீட்டு அத்தி என் மரத்தின் கிளைதான். என் காயத்ரி ஒரு குச்சியை வெட்டிக் காம்பவுண்டு சுவருக்கு மேலே உன் தம்பி அன்பரசிடம் நீட்டினாள். அது துளிர்த்த வருஷம் அவளுக்குக் கடலூரில் பேங்க் பரீட்சை வந்தது. "மழையா இருக்கு ஆன்ட்டி, வண்டியில கொண்டுபோய் வுட்டுட்டு வரேன்" என்றான் அன்பரசு. சரி என்றேன். ஆலப்பாக்கம் தாண்டி லாரி மோதியது. இரண்டு பேருமே திரும்பி வரவில்லை.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பந்தல் போட்டார்கள். அங்கே தெருவே பார்க்க உன் அம்மா என்னைக் கைநீட்டிச் சொன்னார்: "பஸ்ஸுல அனுப்பியிருந்தா எம் புள்ள இருந்திருப்பான்டி. ஒம் பொண்ண நீயேதான் கொன்ன. எம் புள்ளையையும் சேத்துக் கொன்ன."

துக்கத்தில் சொன்னது, மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார்கள். நீயும்தான் சொன்னாய்.

அப்புறம் அவருக்கு அந்த மரமே பிள்ளையாகிவிட்டது. "மாலதி, அன்பு இன்னிக்குப் புது எல வுட்டுருக்கான்" என்று சுவர் வழியே எட்டிச் சொல்வார்.

சித்திரையில் இலைகள் கொஞ்சம் வாடின. உச்சி வெயிலில் வாடும், சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். என்ன செய்வது என்று கேட்டார். "தாகம்க்கா, நல்லா ஊத்துங்க" என்றேன். உங்கள் மனை கீரப்பாளையத்துக் களிமண் கொட்டி மேடாக்கியது. தண்ணீர் கீழே இறங்காது. கொஞ்ச நாளில் இலை மஞ்சளானது. "பத்தலக்கா. சுத்தி வரப்பு கட்டி ரொப்பி வைங்க." முட்டிவலியோடு அவரே குனிந்து மண்ணை அணைத்துக் கட்டினார். வேர் அழுகினாலும் அத்திக்கு இலை வாடும். தெரியாதவர்களுக்கு அது தாகம் மாதிரியேதான் இருக்கும்.

ஆடியில் ஒருநாள் என் சமையற்கட்டுக்கே வந்துவிட்டார். "அன்னிக்கு வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன் மாலதி. பெத்தவகிட்ட சொல்ற வார்த்தையா அது? மன்னிச்சுடு" என்று கையைப் பிடித்து அழுதார். நிஜமான அழுகைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"அதெல்லாம் அன்னிக்கே மறந்தாச்சுக்கா" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மரத்தைப் பற்றிக் கேட்டார். காலையில் மட்டும் ஊற்றினால் போதாது, சாயங்காலமும் ஊற்றுங்கள் என்றேன்.

ஆவணியில் மரம் செத்தது. தோண்டிப் பார்த்தோம், வேர் கூழாகி நாறியது. "ஜாஸ்தி ஊத்திட்டீங்களேக்கா" என்றேன்.

"நீதானடி ஊத்தச் சொன்ன?"

"ஊத்தத்தான் சொன்னேன். பாசத்துல அளவு தெரியாமப் போச்சு ஒங்களுக்கு."

குனிந்து அந்த வேரைக் கையில் எடுத்தார். "அப்போ எம் புள்ளைய நானே கொன்னுட்டனா?" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்றுதான் அத்தனை நாள் காத்திருந்தேன்.

அதன்பிறகு சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். கஞ்சி கொண்டுபோனபோது தலையணைக்கு அடியில் பிரிக்காத அட்டைகளைப் பார்த்தேன். "அருளுகிட்ட சொல்லிடாத" என்றார். சொல்லவில்லை. நீ போன் செய்தபோதெல்லாம், அம்மா நல்லாத்தான் இருக்காங்க என்றேன்.

எழுந்திருக்காதே, இன்னும் கொஞ்சம்தான்.

அன்று காலையில் அவருக்கு வாய் குழறி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. போன் என் மடியில்தான் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்திருந்தால் பிழைத்திருப்பார். நான் கூப்பிடவில்லை. மூச்சு அடங்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் கிடந்த என் காயத்ரிக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. உன் அம்மாவை நான் கடைசிவரை தனியாக விடவில்லை, அருள்மொழி. அதை நினைத்து நீ ஆறுதல்பட்டுக்கொள்ளலாம்.