டெரெக்குக்காக மாற்றிய வாரம்

காபி போதும், நான் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். கடைசியாகப் பல் மருத்துவரிடம் எப்போது போனீர்கள்? பார்த்தீர்களா, யோசிக்காமல் இருபத்தோராவது வாரம் என்கிறீர்கள். தேதி கேட்டால் போனை எடுத்துத் தேட வேண்டும். நார்வேயில் பிறந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான். இலையுதிர்கால விடுமுறை நாற்பதாவது வாரம், கார் டயர் மாற்றுவது நாற்பத்து நாலு. தேதி நமக்குப் பிறந்தநாளுக்கு மட்டும்தான்.

நான் ஏன் இதைப் பேசுகிறேன் என்றால், வாசலில் நிற்கும்போது நீங்கள் ஒன்று சொன்னீர்கள். "ஹெர்டிஸ், நீ வாரத்தைத் தப்பா மாத்திட்டபோல. பரவால்ல, யாருக்கும் நடக்கறதுதான்." ஆறுதலுக்குத்தான் சொன்னீர்கள், தெரியும். ஆனால் நான் தப்பாக மாற்றவில்லை. உங்கள் போலீஸ் அறிக்கையில் விபத்து என்று எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள், என் மொழிபெயர்ப்பில் பிழை என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்கு உட்காரவே முடியவில்லை. நடந்துகொண்டே பேசுகிறேனே.

இந்தப் பள்ளத்தாக்கின் அறிவிப்புகளையெல்லாம் ஆங்கிலத்தில் மாற்றுவது நான்தான். கூடாரம் போடும் இடம், படகுத்துறை, மேலே இருக்கும் நீர்மின் நிலையம், எல்லாம். வாரத்தின் எண்ணை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிவிட்டு மாற்றிவிட்டேன் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது சோம்பேறித்தனம். வெளியூர்க்காரருக்குத் தேதி வேண்டும். அதிலும் யாருடைய தேதி என்று பார்க்க வேண்டும். நமக்கு வாரம் திங்களில் தொடங்கும்; வருடத்தின் முதல் வியாழக்கிழமை எந்த வாரத்தில் வருகிறதோ அதுதான் முதல் வாரம். அமெரிக்கர்களுக்கு ஞாயிறில் தொடங்கும். ஜனவரி ஒன்று விழும் வாரமே முதல் வாரம். இந்த வருடம் ஜனவரி ஒன்று வெள்ளிக்கிழமை. அதனால் அவர்கள் எண்ணிக்கை நம்முடையதைவிட ஒரு வாரம் முன்னால் ஓடுகிறது. எனக்கு இதெல்லாம் அவ்வளவு பிடிக்கும்.

டெரெக் அமெரிக்காவில் ஒரிகனிலிருந்து வந்தவன். அணைக்குக் கீழே தண்ணீர் குறைந்து கிடக்கும் பழைய ஆற்றுப்படுகையில் முத்துச்சிப்பிகளை எண்ணுவது அவன் வேலை. முதல் கோடையில் சிப்பியை எண்ணினான், இரண்டாவது கோடையில் என் அக்கா யூருனையும் பிடித்துக்கொண்டான். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தது யூருன்தான். இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர், அவ்வளவுதான்.

ஜூலையில் ஒரு நாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள். "நாப்பத்தொண்ணாவது வாரம் நாங்க ஒரிகன் கெளம்பறோம்டீ. வீட்ட வித்துடலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் டெரெக் சிரித்தான். "அது என்ன நாப்பத்தொண்ணு? மனுஷங்க மாதிரி தேதி சொல்லும்மா. ஹெர்டிஸ், உங்க ஊர்க் கணக்கு எனக்கு ஏறவே மாட்டேங்குது. எனக்கு எழுதறப்போ எங்க ஊர்க் கணக்குல எழுதிக் குடுத்துடு, புண்ணியமாப் போகும்."

எனக்குக் கோபம் வரவில்லை. உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்தினேன்.

ஆகஸ்டில் நீர்மின் நிலையத்திலிருந்து அறிவிப்பு வந்தது. முப்பத்து நாலாவது வாரம் திங்கள் காலையிலிருந்து மதகு பழுதுபார்க்கிறார்கள், பழைய படுகையில் தண்ணீர் திறந்துவிடுவார்கள், யாரும் இறங்கக் கூடாது. ஊரில் எல்லோர் போனுக்கும் செய்தி போனது. டெரெக்கிடம் இருந்தது அமெரிக்க எண், அதற்குப் போகாது. அவனுக்குச் சொல்வது என் பொறுப்பு. முப்பத்து நாலை அவன் ஊர்க் கணக்கிலேயே மாற்றினேன். ஆகஸ்ட் பதினைந்து முதல் இருபத்தொன்று வரை. நம் கணக்கில் அது இருபத்து மூன்றாம் தேதிதான் தொடங்குகிறது.

யூருன் அப்போது விசா விஷயமாக ஆஸ்லோவில் இருந்தாள். அங்கிருந்து கூப்பிட்டாள்.

"டெரெக்கிட்ட தண்ணி விடறதச் சொல்லிட்டியாடீ?"

"சொல்லிட்டேங்கா. எழுதியே குடுத்துட்டேன்."

"என் தங்கம். நீ இருக்கறதாலதான் நான் நிம்மதியா இருக்கேன்."

அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா.

டெரெக் சொன்ன பேச்சு கேட்பவன், அதைச் சொல்லத்தான் வேண்டும். எழுதிக் கொடுத்த அந்த வாரம் முழுக்க ஆற்றுப்பக்கமே போகவில்லை. தான் தங்கியிருந்த மரவீட்டுப் படிகளுக்குச் சாயம் அடித்தான், காட்டில் புளூபெர்ரி பறித்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிண்ணம் பழத்தோடு இங்கே வந்தான். "ஏம்மா, தண்ணி வந்த மாதிரியே தெரியலயே? கல்லெல்லாம் காஞ்சு கெடக்கு."

"கொஞ்சமாத்தான் விட்டாங்க," என்றேன். "வெயில்ல காஞ்சிருக்கும்."

இது மட்டும் மொழிபெயர்ப்பில் சேராது. ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலை அவன் வேலைக்குப் புறப்பட்டபோது வாஃபிளில் பழுப்புச் சீஸ் வைத்துக் கட்டிக்கொடுத்தேன். பசியோடு வேலை செய்வான் பாவம். அந்த வேலை எப்படி என்று உங்களுக்குத் தெரியுமா? அடியில் கண்ணாடி வைத்த குழாயைத் தண்ணீரில் அழுத்தி, முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு குனிந்தே நகர வேண்டும். தன் மூச்சுச் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்காது, யாராவது பெயர் சொல்லிக் கத்தினால்தான் உண்டு என்று அவனே சொல்லியிருக்கிறான்.

இந்த ஜன்னலிலிருந்து ஆற்றின் வளைவு தெரிகிறது பாருங்கள். அன்றும் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன். கழுவிய தட்டுகளையே திரும்பக் கழுவினேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். முதலில் பறவைகள் கிளம்பின. பிறகு தண்ணீரின் சத்தம் வந்தது. அவன் நிமிரவில்லை. இங்கிருந்து கத்தினால் அவனுக்குக் கேட்டிருக்கும், அவ்வளவு தூரம்தான். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். யூருன் பாதி அடுக்கிய பெட்டி மாடிப்படி ஓரத்தில் கிடந்தது. ஜன்னலை மூடிவிட்டேன்.

ஆகவே, ஆமாம், தெரிந்துதான் செய்தேன். பிழை இல்லை என்று ஏன் சொன்னேன் என்று இப்போது புரிகிறதா? அவனுக்கு எந்தத் தேதி போய்ச் சேர வேண்டுமோ அதுதான் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பெட்டியை நானே பிரித்து அவள் உடைகளை அலமாரியில் அடுக்கிவிட்டேன். நாற்பத்தொன்றாவது வாரம் வந்தது, போனது, அவள் எங்கும் போகவில்லை. பேசுவதில்லை, அது சரியாகிவிடும். முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், தலையை நான்தான் வாருகிறேன். நேற்று மீன் சூப் மூன்று கரண்டி குடித்தாள். ஒரிகன் என்ற பேச்சை ஒருமுறைகூட எடுக்கவில்லை. உள்ளே வரும்போது நீங்களும் அவளைப் பார்த்தீர்கள் அல்லவா? எத்தனையோ பேரைப் பார்த்தவர் நீங்கள், உங்களுக்குத் தெரியும். இங்கேயே இருந்துவிட்டதில் அவளுக்கு முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது, உங்களுக்கும் அப்படித்தானே தோன்றியது?