மிரளாத பறவை

எல்லோரும் இதை லவ் பேர்ட்ஸ் என்கிறார்கள். இதன் பெயர் பட்ஜி. கடையில் ஜோடி ஜோடியாக விற்கும் குருவி வேறு, போட்டிக்கு வளர்க்கும் பறவை வேறு. இதைச் சொல்லிச் சொல்லியே என் வாய் வலித்துவிட்டது.

போட்டியில் எல்லாக் கூண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். வளர்த்தவன் யார் என்று நடுவருக்குத் தெரியாது. பறவைக்குத் தலை அகன்றிருக்க வேண்டும். தாடைக்குக் கீழே ஆறு கறுப்புப் பொட்டுகள் வட்டமாக இருக்க வேண்டும். கூடுதலாக முளைத்த பொட்டை முன்பே பிடுங்கிவிடுவோம். அது ஏமாற்று இல்லை, அலங்காரம். இவ்வளவும் தேறினாலும், நடுவர் குச்சியால் தட்டும்போது மிரண்டு கம்பியில் தொற்றிக்கொண்டால் போயிற்று. என் பறவைகள் வருடா வருடம் அதில்தான் தோற்றன. மதுரைக்காரர்கள் அவற்றைக் கருவேலங்காட்டுக் குருவி என்று கிண்டல் செய்வார்கள்.

மிரட்சி தெளிய ஆள் பழக்கம் வேண்டும். பகல் முழுக்க யாராவது பக்கத்திலேயே நடமாட வேண்டும். எனக்குப் பாளையம்பட்டியில் மோட்டார் ரிப்பேர் கடை. என் மனைவி நாகஜோதி விசைத்தறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வெளியே தகரக் கொட்டகையில் வெயில் தாங்காமல் குஞ்சுகள் செத்ததால், கூண்டுகளை நாங்கள் படுக்கும் அறைக்கே கொண்டுவந்தேன். அவள் மறுத்துப் பேசவில்லை. உதிர்ந்த இறகுகளைத் தினமும் அவள்தான் கூட்டி அள்ளினாள்.

அவளுக்கு இருமல் வந்தது. பிறகு நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கியது. மதுரையில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவளை எக்ஸ்ரே எடுக்க அனுப்பிவிட்டு அவர் கேட்டார்.

"வீட்டுல புறா, கிளி ஏதாச்சும் வளக்குறீங்களா?"

சொன்னேன். அந்த இறகுத் தூசிதான் அவள் நுரையீரலைக் கெடுக்கிறது என்றார். "இன்னைக்கே வேற எடத்துக்கு மாத்திருங்க. இல்லன்னா எந்த மருந்தும் காப்பாத்தாது. அவங்ககிட்டயும் சொல்லிருங்க."

சரி என்றேன். பஸ்ஸில் நாகஜோதி கேட்டாள்.

"டாக்டரு என்ன சொன்னாக?"

"பஞ்சுத் தூசியாம். இனிமே தறிக்குப் போக வேணாம்னாரு."

"வீட்டுல சும்மா ஒக்காந்து என்ன செய்ய?"

"பறவைகளப் பாத்துக்க."

நம்பிவிட்டாள். தறி ஓடும் ஊரில் பஞ்சுத் தூசியை யார் சந்தேகப்படுவார்கள்?

போட்டிக்குச் சில மாதங்களே இருந்தன. இடம் மாற்றினால் பறவை வால் இறகை உதிர்த்துவிடும். அதனால் மாற்றவில்லை. மற்றபடி நாகஜோதிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டேன். காற்று பட்டால் பறவைகளுக்கு ஆகாது என்பதால் ஜன்னலை மட்டும் சாத்திவைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதலில் அவள் இருமும்போதெல்லாம் பறவைகள் படபடத்தன. நாளாக ஆக இருமல் கூடியது; அவை அசையவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. போட்டி மண்டபத்தில் எத்தனை பேர் இருமினாலும் இனி மிரளாது. இருமலை அடக்கும் டானிக்கை அதன் பிறகு நான் வாங்கவில்லை.

போட்டியன்று நடுவர் தட்டினார், குனிந்து பார்த்தார், கூண்டைத் திருப்பினார். என் சாம்பல் நிற ஆண் பறவை நெஞ்சை நிமிர்த்தியபடி நின்றது. முதல் பரிசு. எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டார். வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும் என்றேன்.

அடுத்த மாதம் நாகஜோதி இறந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் உள்ளே ஒன்றும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் அவள் தம்பி பாண்டிராஜிடம், பறவைகளை எப்போது அப்புறப்படுத்தினீர்கள் என்று கேட்டிருக்கிறார். கருமாதி முடிந்ததும் அவன் நேராக அறைக்கு வந்தான்.

"ஏன் மச்சான் அக்காட்ட சொல்லல?"

"சொன்னா ரெட்டியபட்டிக்கு ஒங்க வீட்டுக்கு வந்திருவா மாப்ள. அப்புறம் பறவைகளோட யாரு இருக்கிறது?"

அவன் என் சட்டையைப் பிடித்தான். பிறகு ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக்கொடுத்தான். அந்த அறையிலேயே இருந்தால் அவள் செத்துப்போவாள் என்று எனக்குத் தெரியுமா என்று, அவன் எழுதிக்கொடுத்ததை வைத்துக்கொண்டு நீங்கள் கேட்கிறீர்கள். தெரியும். பாண்டிராஜின் கோபமும் எனக்குப் புரிகிறது. ஆனால் போட்டியைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? நாகஜோதி உயிரோடு இருந்திருந்தால் எனக்காகப் பேசியிருப்பாள்.