கவுண்டரில் இருக்கவேண்டிய படம்

எங்கள் கடையில் தேநீர் இலவசம். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் இருபது சூதாட்ட மெஷின்கள் வைத்து நடத்தும் கடைக்கு அதெல்லாம் ஒரு செலவே இல்லை. மனேஜரான எனக்கு, யாருக்குப் பால் கூட, யாருக்குக் குறைய என்பது அத்துப்படி.

நித்தியானந்தன் சீனி போடாதவர். போன வருடம் மனைவி ஜெயகௌரியோடு வந்து, தன்னை இனி உள்ளே விடவேண்டாம் என்று தானாகவே படிவத்தில் கையெழுத்து வைத்தார். அப்படிக் கேட்பவரின் படத்தைக் கவுண்டரில் வைத்திருந்து, வந்தால் திருப்பி அனுப்பவேண்டும். ஜெயகௌரி என்னைக் கும்பிட்டு, "உங்களைத்தான் நம்பியிருக்கிறன் அண்ணை" என்றாள்.

வெளிக்கிடும்போது அவர் பழக்கதோஷத்தில் "வாறன் அண்ணை" என்றார். நானும் "ஓம், வாங்கோ" என்றேன். எங்கள் ஆட்கள் யாரையும் 'போ' என்று சொல்லி அனுப்புவதில்லையே. "வராதேங்கோ எண்டெல்லோ சொல்லவேணும்" என்றாள் ஜெயகௌரி. மூவரும் சிரித்தோம்.

பட்ஜெட்டுக்கு முன்னர், மெஷின் வரியைக் கூட்டப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டது. கூடினால் வருமானம் குறைந்த கடையை மூடிவிடுவேன் என்றார் முதலாளி. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. வேறு யார் வேலை தரப்போகிறார்கள்?

நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டது நான்தான். அன்றைக்கே அவருக்கு போனும் எடுத்தேன். விளையாடச் சொல்லவில்லை. "கனநாளாக் காணேல்லை, ஒரு தேத்தண்ணி குடிக்க வாங்கோவன்" என்றுதான் சொன்னேன்.

அவர், "நான் கையெழுத்து வைச்சனான் எல்லோ அண்ணை" என்றார்.

"அதை நான் பாத்துக்கொள்ளுறன். வாங்கோ."

மூன்று மாதம் நாள் தவறாமல் வந்தார். அவர் விட்ட காசில் ஒரு பங்கு வரியாக ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தானே போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மெஷின் வரி கடைசியில் கூடவேயில்லை. அதற்குப் பிறகும் நான் அவரைத் தடுக்கவில்லை. திரும்பப் படத்தை எடுத்து வைக்க வெட்கமாக இருந்தது.

பெப்ரவரியில் சட்டனில் இருந்த அவர்களுடைய வீடு கைவிட்டுப் போனது. அடுத்த கிழமை அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

செத்தவீட்டில் ஜெயகௌரி என்னைக் கண்டதும் உடைந்து அழுதாள். "நீங்கள் ஒருத்தர்தான் அண்ணை அவரை உள்ளுக்கை விடாமல் வைச்சிருந்தனீங்கள். வேறை எங்கையோ போய்த்தான் எல்லாத்தையும் துலைச்சுப்போட்டார்."

"ஓம் தங்கச்சி" என்றேன்.